புதுக்குடியிருப்புக் கிளைக்கு மட்டும் மென்பொருள் ஏன் போய்ச் சேரவில்லை? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் நிறுவனக் கொம்பியூட்டர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்கள் பற்றியவை. கேட்டவர்களில் அநேகமானோர் வன்னியில் ஏதோவொரு கிளை அலுவலகத்தைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறவர்கள். பதில்களையும் அவர்கள் நிலையில் நின்றே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தலைமை அலுவலகம் கொழும்பில். கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புக் கிளைகளுக்கு நான்தான் பொறுப்பு. மைக்ரோசொஃப்ட் கொன்ஃபிகரேஷன் மனேஜர் வழியாகத்தான் கொழும்பிலிருந்து மென்பொருள் அனுப்புகிறார்கள். மற்ற இரண்டு கிளைகளுக்கும் வந்துவிடுகிறது, புதுக்குடியிருப்பில் மட்டும் எல்லா மெஷினிலும் 0 வீதத்திலேயே நிற்கிறது. கேட்டால் "உங்கள் பக்கம் லைன் சரியில்லை" என்கிறார்கள். உண்மையா?
– கணினிப் பொறுப்பாளர், கிளிநொச்சி

பதில்: லைன் மோசமென்றால் 3 வீதம், 7 வீதம் என்று இழுத்து இழுத்தாவது போகும், நடுவில் நின்று திரும்பத் தொடங்கும். எல்லா மெஷினும் 0-இலேயே நிற்பது வேறு சங்கதி. அநேகமாக அந்த மெஷின்களுக்கு எங்கே போய் எடுப்பது என்றே யாரும் சொல்லவில்லை.

இது வேலை செய்யும் விதம் இப்படி. கிளையிலுள்ள மெஷின் முதலில் மனேஜ்மென்ட் பொயின்ட் எனும் சேவரிடம் "இந்தப் பொதி எனக்கு எங்கே கிடைக்கும்?" என்று கேட்கும். சேவர் அந்த மெஷினின் ஐபி முகவரியைப் பார்த்து, அது எந்த பவுண்டரி குரூப்பில், அதாவது ஐபி வரிசைகளின் எந்தத் தொகுப்பில், சேர்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் குரூப்புக்கு ஒதுக்கிய டிஸ்ட்ரிபியூஷன் பொயின்ட்களின் (பொதிகளை வைத்திருந்து கொடுக்கும் சேவர்களின்) பட்டியலைத் திருப்பி அனுப்பும். முகவரி எந்தக் குரூப்பிலும் இல்லையென்றால் பெரும்பாலும் பட்டியல் வெறுமையாகத்தான் வரும், மெஷின் காத்துக்கொண்டே இருக்கும். நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: புதுக்குடியிருப்பில் அண்மையில் ரவுட்டர் மாற்றினீர்களா? மின்னல் அடித்து ரவுட்டர் எரிந்து புதிது போட்டிருக்கலாம், அல்லது 4ஜி-யிலிருந்து ஃபைபருக்கு மாறியிருக்கலாம். இரண்டிலும் உள்ளக ஐபி வரிசை மாறிவிடக்கூடும், ஆனால் அதைக் கொழும்புக்கு அறிவிக்க வேண்டும் என்று கிளையில் யாருக்கும் தோன்றாது.

ஊகத்தோடு நிற்காமல், மெஷின் தான் செய்தவற்றைப் பதிந்து வைக்கும் லொக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சிசிஎம், அதற்குள் லொக்ஸ். நான்கு கோப்புகளை இந்த ஒழுங்கில் படியுங்கள்: முதலில் சிஏஎஸ், பிறகு லொக்கேஷன் சர்விசஸ், பிறகு கொன்டென்ட் ட்ரான்ஸ்ஃபர் மனேஜர், கடைசியில் டேட்டா ட்ரான்ஸ்ஃபர் சர்விஸ். முதலாவதில் மெஷின் பொதியைக் கேட்டது தெரியும், இரண்டாவதில் சேவர் கொடுத்த பட்டியல் தெரியும். பட்டியல் வெறுமையாக இருந்தால் பவுண்டரியைத் திருத்த வேண்டும், அல்லது அந்தப் பொதி உங்கள் குரூப்பின் டிஸ்ட்ரிபியூஷன் பொயின்டுக்கு இன்னும் ஏற்றப்படவில்லை. பட்டியல் ஒழுங்காக வந்து, நாலாவது கோப்பில் பிழை இருந்தால் மட்டும் லைன், ஃபயர்வோல், ப்ரொக்சி பக்கம் போங்கள். சாதாரண நோட்பாட்டில் படிக்கக் கண் வலிக்கும். 1806 பதிப்பிலிருந்து சிஎம்ட்ரேஸ் என்ற கருவி, ஒவ்வொரு மெஷினிலும் நிறுவப்படும் கிளையன்ட் எனும் மென்பொருளோடு சேர்ந்தே அதே சிசிஎம் ஃபோல்டருக்குள் வந்துவிடுகிறது, அதில் திறந்தால் பிழை வரிகள் சிவப்பாகத் தெரியும்.

இரண்டாவது கோப்பின் அந்த வரிகளையும், கிளையின் இப்போதைய ஐபி வரிசையையும் கொழும்புக்கு அனுப்பிவிடுங்கள். லைன் பற்றிய வாக்குவாதம் அத்தோடு முடியும்.

கேள்வி: அப்டேட்கள் இரவு 2 மணிக்குத்தான் போடப்பட வேண்டும் என்று தலைமை அலுவலகம் அமைத்திருக்கிறது. எங்கள் கிளையில் மாதக்கணக்காக ஒன்றும் ஏறவில்லை.
– அலுவலக உதவியாளர், துணுக்காய்

பதில்: பின்னேரம் அலுவலகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டுத்தானே போகிறீர்கள்? வன்னியில் பெரும்பாலான கிளைகளில் அதுதான் வழக்கம், ஐப்பசி கார்த்திகை இடிமின்னலைப் பார்த்தவர்கள் அதைப் பிழை என்று சொல்லமாட்டார்கள். கரண்டே இல்லாத மெஷினைத் தூரத்திலிருந்து எழுப்பவும் முடியாது.

அந்த நேர ஒதுக்கீட்டை உங்கள் கிளைக்கு மட்டும் மதிய இடைவேளைக்கு மாற்றச் சொல்லுங்கள். மெஷின்களைக் கலெக்‌ஷன் எனும் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு நேரம் கொடுக்க முடியும், கொன்சோல் எனும் நிர்வாகத் திரையில் ஐந்து நிமிட வேலை. கூடவே பியர் கேஷ் வசதியையும் கேளுங்கள். ஒரு மெஷின் லைனில் இறக்கினால் மற்றவை அதனிடமிருந்து கிளைக்குள்ளேயே எடுத்துக்கொள்ளும், டேட்டா பொதி காலியாகாது.

கேள்வி: ஒரு பிரச்சினைக்கு உதவி கேட்டு இணையத்தில் பல இடங்களில் எழுதினேன். "அப்டேட் வேலை செய்யவில்லை, மிக அவசரம், தயவுசெய்து உதவுங்கள்" என்றுதான் போட்டேன். ஒருவரும் பதில் தரவில்லை. என் ஆங்கிலம் சரியில்லாததா காரணம்?
– தொழில்நுட்ப உதவியாளர், மல்லாவி

பதில்: இல்லவே இல்லை. இந்த மென்பொருள்களைப் பயன்படுத்துகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு ஆங்கிலம் வீட்டு மொழியாக இருக்காது. உங்கள் கேள்வியில் பதில் சொல்லப் பிடி ஒன்றும் இல்லை, அதுதான் காரணம். படிக்கிறவர் உதவ நினைத்தாலும் முதலில் உங்களிடம் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அவருக்கு விடியும்போது உங்களுக்கு இரவாகிவிடுகிறது, ஒரு கேள்வி போய் வர ஒரு நாள் என்றால் யார் நின்று பார்ப்பார்?

திரும்பக் கேட்கத் தேவையில்லாதபடி எழுதுங்கள். மென்பொருளின் பதிப்பு எண், கிளையன்ட்டின் பதிப்பு எண், விண்டோஸின் பதிப்பு, இந்த மூன்றும் முதல் வரியிலேயே வரட்டும். பிறகு எத்தனை மெஷினில் வருகிறது என்பதும், அதைவிட முக்கியமாக எதில் வரவில்லை என்பதும். பலர் இந்தப் பின்னதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் ஒரே அறையில் ஒரு மெஷின் வேலை செய்து பக்கத்து மெஷின் செய்யவில்லை என்றால் பதில் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் இருக்கும். எந்த நாள் வரை ஒழுங்காக இருந்தது, அந்த நாளைச் சுற்றி என்ன மாறியது என்பதையும் எழுதுங்கள். "ஒன்றும் மாறவில்லை" என்று எழுதுமுன் அலுவலகத்தில் மற்றவர்களையும் கேட்டுவிடுங்கள், ரவுட்டர் மாற்றிய ஆளை நீங்கள் பார்த்தே இருக்கமாட்டீர்கள்.

பிழை எண்ணைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள், அப்படியே நகலெடுங்கள். ஓர் எழுத்து மாறினால் அது வேறொரு பிழை. லொக்கில் சிவப்பு வரியை மட்டும் வெட்டி ஒட்டாமல் அதற்கு முன்னால் இருபது முப்பது வரிகளையும் சேர்த்துக் கொடுங்கள், ஏனென்றால் சிவப்பு வரி விளைவைத்தான் காட்டும், காரணம் அநேகமாக அதற்கு மேலே சாதாரணமாகத் தெரியும் ஏதோவொரு வரியில் கிடக்கும். போனில் திரையைப் படம் பிடித்துப் போடுவதை விட எழுத்தாகவே ஒட்டுவது நல்லது, பிறகு இதே பிழையோடு தேடி வருகிறவருக்கும் அகப்படும்.

ஒட்டுமுன் சேவர் பெயர், டொமைன் பெயர், பயனர் பெயர், வெளி ஐபி முகவரி எல்லாவற்றையும் பொய்ப் பெயராக மாற்றுங்கள். இதில் அவசரம் வேண்டாம். நிறுவனத்தின் உள்வீட்டு விபரத்தை வெளியில் போட்டுவிட்டுப் பிறகு அழிப்பது நடக்கிற காரியமல்ல.

இன்னொன்றை நான் மனதார வேண்டிக் கேட்கிறேன். தீர்வு கிடைத்ததும் நீங்கள் கேட்ட இடத்துக்கே திரும்பிப் போய், எது சரிப்படுத்தியது என்று இரண்டு வரி எழுதுங்கள். "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்குப் பின்னால் முழங்காவிலிலோ வேறெங்கோ ஒருவர் இதே பிழையோடு இரவில் உட்கார்ந்திருப்பார், அவருக்கு அந்த நன்றியால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

இதை ஏன் ஊருக்குள்ளும் செய்யக்கூடாது? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டத்திலும் வங்கிக் கிளைகளில், வைத்தியசாலைகளில், கூட்டுறவுச் சங்கங்களில் உங்களைப் போலத் தனியாக நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அதே மின்வெட்டு, அதே மின்னல். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் ஜேர்மன் டெக் எனும் தொழிற்பயிற்சி நிறுவனமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, பம்பைமடுவில் 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை ஓரிடத்தில் கூடி, அவரவர் கண்ட பிழைகளை அறிகுறி, பார்த்த லொக், காரணம், தீர்வு, பதிப்பு, திகதி என்ற ஒழுங்கில் தமிழில் எழுதி ஒரே கோப்பில் சேர்த்து வந்தாலே போதும். நிறுவனப் பெயர் எதுவும் அதற்குள் வரத் தேவையில்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய மெஷின்களுக்கு ஒன்றில் எல்லாம் போட்டு, அந்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே மற்றவற்றுக்குப் பிரதி எடுத்தோம். கொன்சோலில் ஒரே ஒரு மெஷின்தான் தெரிகிறது, அதன் பெயரும் அடிக்கடி மாறுகிறது.
– பாடசாலைக் கணினி ஆய்வுகூடப் பொறுப்பாளர், மாங்குளம்

பதில்: எல்லா மெஷினும் ஒரே அடையாள எண்ணோடு போய்ப் பதிவதால் வருவது. ஒவ்வொன்றிலும் கிளையன்ட் சேவையை நிறுத்துங்கள், விண்டோஸ் ஃபோல்டரிலுள்ள எஸ்எம்எஸ்சிஎஃப்ஜி கோப்பை அழியுங்கள், சான்றிதழ்ப் பகுதியில் எஸ்எம்எஸ் என்ற பிரிவிலுள்ள சான்றிதழ்களையும் அழித்துவிட்டுச் சேவையைத் திரும்பத் தொடங்குங்கள், புது எண் கிடைக்கும். அடுத்த தடவை பிரதி எடுக்குமுன், மெஷினின் தனி அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவியான சிஸ்ப்ரெப்பைக் கட்டாயம் ஓட்டுங்கள்.

கேள்வி: சாபிக்ஸ் எனும் கண்காணிப்பு மென்பொருளை வைத்து நெடுங்கேணி, செட்டிகுளம், ஒட்டுசுட்டான் கிளைகளைக் கண்காணிக்கிறோம். ஓரிடத்தில் கரண்ட் போனால் போனுக்கு எச்சரிக்கை மழையாக வருகிறது. லைன் அறுந்த நேரத்துத் தரவுகளும் இல்லாமல் போகின்றன.
– வலையமைப்பு நிர்வாகி, வவுனியா

பதில்: எச்சரிக்கை மழைக்கு மருந்து ட்ரிகர் டிபென்டென்சி எனும் அமைப்பு. கிளையின் ரவுட்டர் விழுந்தால் அதற்குப் பின்னால் இருப்பவை பற்றி வாய் திறக்காதே என்று அமைத்துவிட்டால் ஒரே ஒரு செய்திதான் வரும்.

தரவுக்கு, கிளைக்குள்ளேயே ஒரு சாபிக்ஸ் ப்ரொக்சி வையுங்கள். ராஸ்பெரி பை போன்ற சின்னப் பெட்டி போதும், ஒரு சிறிய யூபிஎஸ்ஸில் மணித்தியாலக் கணக்கில் ஓடும். லைன் போனாலும் அது தரவைச் சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்பும். ஆனால் கவனியுங்கள்: இணைப்பில்லாத வேளையில் இயல்பாக அது வைத்திருப்பது கடைசி 1 மணித்தியாலத் தரவைத்தான். ஃபைபர் அறுந்தால் நம் பக்கம் அது எந்த மூலைக்குப் போதும்? ப்ரொக்சி ஒஃப்லைன் பஃபர் என்ற அமைப்பை உயர்த்துங்கள், 720 மணித்தியாலம் வரை கொடுக்கலாம். 4ஜி சிம்மில் இயங்கும் கிளையை வெளியிலிருந்து தொடர்புகொள்வது கஷ்டம், ஆகவே ப்ரொக்சியை அக்டிவ் முறையில் வையுங்கள். அதுவே சேவரின் 10051 போர்ட்டுக்கு அழைத்துப் பேசும்.

கேள்வி: அண்ணா, நான் பல்கலைக்கழக மாணவி. இப்படியான மென்பொருள் சமூகங்களில் பங்களிக்க ஆசை. ஆனால் பெரிய நிரல் எழுத வராது. எனக்கு அங்கே இடம் உண்டா?
– மாணவி, பம்பைமடு

பதில்: தாராளமாக உண்டு தங்கச்சி. நிரல் எழுதுகிறவர்களை விட, ஒருவர் சொன்ன பிழையைத் தன் மெஷினில் திரும்ப வரவழைத்துப் பார்த்து, "ஆம், இந்தப் பதிப்பில் இந்தப் படிகளில் வருகிறது, முந்திய பதிப்பில் வரவில்லை" என்று எழுதித் தருகிறவர்களுக்குத்தான் பஞ்சம். அதற்குப் பொறுமையும் ஒரு சோதனைக்கூடமும் போதும். சாபிக்ஸ் திறந்த மூல மென்பொருள், 2001-இலிருந்து வெளியில் கிடைக்கிறது. கொன்ஃபிகரேஷன் மனேஜரை 180 நாள் சோதனைப் பதிப்பாக எடுக்கலாம். நல்ல நினைவகமுள்ள ஒரு மெஷினில் வேர்ச்சுவல் மெஷின்களாக ஒரு குட்டித் தலைமை அலுவலகத்தையும் இரண்டு கிளைகளையும் அமைத்து, வேண்டுமென்றே பவுண்டரியைப் பிழையாகப் போட்டு, லொக்கில் என்ன வருகிறது என்று பாருங்கள். பிறகு சாபிக்ஸுக்கு, நம் ஊர்க் கடைகளில் விற்கும் யூபிஎஸ் ஒன்றைக் கண்காணிக்கும் டெம்பிளேட் (தயார்நிலை அமைப்புத் தொகுப்பு) செய்து எல்லோருக்கும் கொடுங்கள். வவுனியாவிலிருந்து மேலே கேள்வி கேட்டவரே முதலில் எடுப்பார்.

கேள்வி: ஒரு மெஷின் திங்கட்கிழமை காலையில் மட்டும் டொமைன் எனும் நிறுவன வலையமைப்புக்குள் நுழைய மறுக்கிறது. கிளையன்ட்டும் சேவரோடு பேசுவதில்லை. நேரத்தைக் கையால் திருத்தினால் சில நாள் ஒழுங்காக இருக்கும், சில நாள் அதுவும் பலிக்காது.
– கணக்குப் பிரிவு, பரந்தன்

பதில்: மதர்போர்ட்டில் இருக்கும் நாணயம் போன்ற சீஆர் 2032 பற்றரி இறந்துகொண்டிருக்கிறது. சனி ஞாயிறு மெயின் சுவிட்ச் நிறுத்தியிருப்பதால் கடிகாரம் முழுக்க அந்தப் பற்றரியில்தான் ஓடுகிறது. டொமைன் உள்நுழைவைப் பார்க்கும் கேர்பெரோஸ் இயல்பாக 5 நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வித்தியாசத்தை ஏற்காது, திகதி பழைய ஆண்டுக்குப் போனால் சான்றிதழ்களும் செல்லாது.

கையால் திருத்தியும் பலிக்காத நாளில் நேர வலயத்தைப் பாருங்கள். அது வேறொரு நாட்டுக்கு மாறியிருந்தால், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்தாலும் உள்ளே உலகப் பொது நேரம் பிழையாகத்தான் இருக்கும், கேர்பெரோஸ் பார்ப்பது அதைத்தான். வலயம் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர, 5 மணி 30 நிமிடம் என்று இருக்க வேண்டும். பற்றரியை மாற்றி, வலயத்தையும் சரிசெய்த பிறகும் அடுத்த திங்கட்கிழமை இதே பிழை வந்தால், ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியின் வரிகளை நகலெடுத்து எழுதி அனுப்புங்கள்.