பிரஷர் இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

பெரம்பூரிலிருந்து 48 வயது வாசகர் கேட்கிறார்: "மூன்று மாதமாக அம்லோடிபின் 5 மி.கி. போடுகிறேன். 160/100 இருந்த பிரஷர் இப்போது 126/80. மாத்திரையை நிறுத்திவிடலாமா? சாயங்காலம் கணுக்கால் வேறு வீங்குகிறது."

நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவியில் எண் சில வாரத்தில் இறங்கிவிடும். ரத்தக்குழாயின் தசை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பிரஷரைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை தலைமுடி பருமனே உள்ள சிறு தமனிகள். அவற்றின் சுவரில் தசைச் செல்கள் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும். உள்ளே அழுத்தம் கூடிச் சுவர் இழுபட்டால் செல்லுக்குள் கால்சியம் புகும், தசை இறுகும். இது கோளாறு இல்லை. அடுத்துள்ள நுண்குழாய்களைக் காக்கும் ஏற்பாடு. 1902-இலேயே பேலிஸ் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் இதை விவரித்தார்.

அழுத்தம் வருடக்கணக்கில் இறங்காமல் நின்றால்தான் வினை. இறுகியே கிடந்த தசைச் செல்கள் அந்தக் குறுகிய அளவிலேயே அடுங்கி நிலைத்துவிடுகின்றன. சுவர் தடித்து, உள்வழி சிறுத்துப்போகும். சில செல்கள் சுருங்கி விரியும் வேலையைக் குறைத்துக்கொண்டு கொலாஜன் என்ற விறைப்பான நாரைச் சுரக்க ஆரம்பிக்கும். உள்விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ரத்த ஓட்டத்துக்கான தடை ஒன்றரை மடங்காகிவிடும். அப்புறம் தசை லேசாக இறுகினாலும் பிரஷர் எகிறும்.

அம்லோடிபின் அந்தக் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கிறது. தசை தளர்கிறது, ஆனால் தடித்த சுவர் ஓரளவு சீராகவே ஒரு வருடம் வரை ஆகலாம். இந்த மருந்து உடலைவிட்டு நீங்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதனால் நிறுத்திய முதல் சில நாள் எண் நன்றாகவே இருக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

கணுக்கால் வீக்கம் பெரும்பாலும் இந்த மாத்திரையால் வருவது. தமனிப் பக்கம் விரிகிறது, சிரைப் பக்கம் அதே அளவுக்கு விரிவதில்லை. நீர் கசிந்து காலில் தங்குகிறது. கடையில் கேட்டு நீர் மாத்திரை வாங்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டான் போன்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்ப்பார். ஒரே காலில் மட்டும் வீக்கமோ, மூச்சுவாங்கலோ இருந்தால் அன்றைக்கே போங்கள்.

அப்படி அவசரம் இல்லையென்றால், மருத்துவரிடம் போகுமுன் ஏழு நாள் வீட்டில் பிரஷரை அளந்து எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கருவியின் பட்டை சட்டைக்கு மேல் வேண்டாம், கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளங்கள்.

உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான். டெல்மிசார்டான் தொடங்கினால் 'லோ சோடியம்' உப்பு பக்கம் போகாதீர்கள், அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்து, எழுந்ததும் தலை சுற்றினால் அந்த நேர அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எடை இறங்கி, உப்பும் குறைந்து, வீட்டுச் சராசரி பல மாதம் 135/85-க்கு நன்றாகக் கீழே நின்றால், அளவைப் படிப்படியாகக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குறைத்தபின் முதல் வார எண்ணை நம்பாமல், இரண்டு வாரம் கழித்து இதே ஏழு நாள் கணக்கைத் திரும்ப எடுங்கள்.