புக் சேர்றது ஈஸி, வெளிய போறதுதான் வேலை

கேள்வி: நாங்க அஞ்சு ஃப்ரெண்ட்ஸ். ஊர்ல ஒரு பெரியவர் பூட்டிக் கிடக்குற அவரோட கடைய வாடகை இல்லாம தர்றேன்னு சொல்லியிருக்கார். வீடு வீடா பழைய புக் வாங்கி, வேணுங்கிறவங்களுக்கு ஃப்ரீயா குடுக்கலாம்னு பிளான். என்னெல்லாம் கவனிக்கணும்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஊர் பேரைப் பாத்ததும் சந்தோஷமாயிடுச்சுங்க. 1931-ல மாட்டு வண்டில புக்கை ஏத்தி கிராமம் கிராமமா கொண்டு போனது உங்க பக்கத்து மேலவாசல்லதான். கனகசபைப் பிள்ளை ஆரம்பிச்சது, தொடங்கி வச்சவர் சீர்காழிக்காரர், நூலகத்துறை அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அதே வருஷம் புத்தகமா வந்த அவரோட அஞ்சு நூலக விதில முதல் விதியே புக்கு இருக்கிறது பயன்படுத்தத்தான்ங்கிறது. உங்க கடைக்கும் அது போதும், ஏன்னா புக் கேட்டா வந்து குவியும், ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டாலே மூட்டை மூட்டையா கொண்டு வந்து இறக்கிட்டுப் போவாங்க, வீடு காலி பண்றவங்க, வெள்ளையடிக்கிறவங்க, பையன் காலேஜ் முடிச்சவங்கன்னு, அதுல பாதி பேருக்கு நீங்க பழைய பேப்பர் கடைக்குப் பதில், அவ்வளவுதான். அதனால யாருக்குக் குடுக்கப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் கலெக்ட் பண்ணுங்க.

ஒரு உதாரணம் பாருங்க. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பசங்களுக்கு பாடபுக் ஃப்ரீயாவே வந்துடுது, அதையே நீங்களும் குடுத்தா யாருக்கு என்ன லாபம், அந்தப் பசங்களுக்கு இல்லாதது படம் போட்ட கதைபுக்தான். 2018, 2019-ல சிலபஸ் மாறிடுச்சு, அதுக்கு முந்தின பாடபுக் ஸ்கூல் பசங்களுக்கு ஆகாது. ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க, டிஎன்பிஎஸ்சி படிக்கிறவங்க பழைய சமச்சீர் புக்கைத்தான் தேடித் தேடி அலையுறாங்க, ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் செட்டா கட்டி வச்சா ஒரே வாரத்துல காலியாகும். விடை எழுதிக் கிறுக்கின கைடு, ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் புக், கரையான் தின்னதெல்லாம் வாங்கவே வேணாம், வாசல்லயே சிரிச்சுக்கிட்டே திருப்பிக் குடுத்துடுங்க. மனசு கேக்காது, ஆனா ஒரு கரையான் புக் உள்ள போச்சுன்னா அலமாரியே போச்சு.

வர்ற ஒவ்வொரு புக்கையும் ஒரு தடவை தலைகீழா உதறுங்க. உள்ள இருந்து பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, சில சமயம் போட்டோவும் நூறு ரூபா நோட்டும் விழும், அதெல்லாம் குடுத்தவங்களுக்கே போகணும். நூலக முத்திரை இருந்தா அந்த நூலகத்துக்கே கொண்டு போய்க் குடுத்துடுங்க. இன்னொண்ணு, அந்தக் காலத்துல வாரப் பத்திரிகைல வந்த தொடர்கதையக் கிழிச்சு, ஓவியத்தோட சேத்து தச்சு, காலிகோ துணி போட்டு பைண்ட் பண்ணி வச்சிருப்பாங்க பாருங்க, அது வந்தா ஃப்ரீ அலமாரில வைக்காதீங்க. அந்தப் படத்தோட அந்தக் கதை வேற எங்கயும் கிடைக்காமப் போகலாம். சென்னைல ரோஜா முத்தையா நூலகம், புதுக்கோட்டைல ஞானாலயா மாதிரி பழைய புக், பத்திரிகையப் பாதுகாக்குற இடத்துல கேட்டுப் பாருங்க.

இடத்தப் பத்தி ரெண்டே விஷயம். உங்க டெல்டால ஐப்பசி கார்த்திகைல என்ன நடக்கும்னு நான் சொல்ல வேணாம், கீழ் தட்டு தரைல இருந்து ஒரு அடியாவது மேல இருக்கட்டும், அலமாரி முதுகு சுவத்துல ஒட்டாம இருக்கட்டும். நனைஞ்ச புக்கை வெயில்ல போடாதீங்க, விறைச்சு முறுக்கிக்கும். நடுநடுல பேப்பர் வச்சு ஃபேன் கீழ விரிச்சு வைங்க. அட்டைப்பெட்டி வேணும்னா ஜெராக்ஸ் கடைல ஏ4 பேப்பர் வர்ற பெட்டி கேளுங்க, அதுதான் தூக்குற அளவு. பெரிய பெட்டில புக் நிரப்பினா அடி கிழியும், இல்ல உங்க இடுப்பு போகும்.

ஆள் விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. தினமும் திறப்போம்னு போர்டு போட்டுட்டு மூணாவது வாரம் பூட்டுத் தொங்கினா அப்புறம் யாரும் வர மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலைல மூணு மணி நேரம் போதும், ஆனா மழையோ பொங்கலோ திறந்திருக்கணும். சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கட்டும்.

கேள்வி: ஃப்ரீயா வாங்கிட்டுப் போய் பழைய புக் கடைல வித்துடுறாங்களே, எத்தனை புக்னு லிமிட் வைக்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அமெரிக்கால பால்டிமோர்ல 'தி புக் திங்'னு ஒரு இடம் 1999-ல இருந்து நடக்குது, எல்லாமே ஃப்ரீ, 2016-ல தீ விபத்துல பெரிய அடி வாங்கியும் மறுபடி திறந்தாங்க. அங்க புக்ல 'இலவசம், விற்பனைக்கு அல்ல'ன்னு முத்திரை குத்திடுறாங்க. நீங்களும் முதல் பக்கத்துல ஒண்ணு, உள்ள ஏதோ ஒரு பக்கத்துல ஒண்ணு குத்துங்க, முதல் பக்கத்தக் கிழிச்சாலும் உள்ள இருக்குறது காட்டிக் குடுத்துடும். லிமிட் எனக்குப் பிடிக்கல. பரீட்சை புக்குக்கு மட்டும் ஆளுக்கு ஒரு செட்னு வைங்க, கதைபுக்க அள்ளிட்டுப் போனா போகட்டும், பத்துல ரெண்டு கடைக்குப் போனாலும் அங்கயும் எவனோ ஒருத்தன் இருபது ரூபாக்கு வாங்கிப் படிக்கத்தான போறான்.

கேள்வி: வெளியூர் ஸ்கூலுக்கு புக் அனுப்ப கூரியர் செலவு கட்டுப்படியாகல. டிரஸ்ட், சங்கம்னு ஏதாவது பதிவு பண்ணா உதவுமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: பதிவுக்கும் தபால் செலவுக்கும் சம்பந்தம் இல்லைங்க. 2025 மே மாசம் தபால் துறை 'ஞான் போஸ்ட்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, பாடபுக், போட்டித் தேர்வு புக், சமூக, கலாசார, மத புக்னு அச்சடிச்ச புக்குக்கு மட்டும். ஆரம்பிச்சப்ப 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, 5 கிலோவுக்கு 100 ரூபா, வரி தனி. புக்ல அச்சகம் இல்ல பதிப்பகம் பேரு இருக்கணும், ரோடு வழியா போறதால மெதுவாத்தான் போய்ச் சேரும். பணமா டொனேஷன் வாங்குற வரைக்கும் பதிவுக்கு அவசரமே இல்ல. சங்கமா போடணும்னா குறைஞ்சது 7 பேர் வேணும், தபால் ஆபீஸ் போறதுக்கே ஆள் இல்லைனா கையெழுத்துக்கு மட்டும் ஆள் தேடாதீங்க.