ஏ வரிசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். ஒன்பது வயதில் பெற்றோருடன் இங்கே வந்தவன், இப்போது முப்பத்து நான்கு. 2016இல் டெமாக்ரடிக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்ற போட்டியில், சாண்டர்ஸுக்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பென்சில்வேனியாவில் வீடு வீடாகக் கதவு தட்டினேன். எங்கள் மாநிலத்தில் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல், ஜூன் 7. அதற்கு முந்தைய இரவே, ஹிலாரி கிளிண்டனுக்குத் தேவையான பிரதிநிதிகள் சேர்ந்துவிட்டார்கள் என்று அசோசியேட்டட் பிரஸ் அறிவித்துவிட்டது. அந்தக் கணக்கில் சூப்பர் டெலிகேட்டுகளும் அடக்கம்; பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல் விரும்பியவரை ஆதரிக்கக்கூடிய கட்சிப் பெரியவர்கள் அவர்கள். நான் இன்னும் ஓட்டே போடவில்லை! 2020இல் சவுத் கரோலினா முடிந்து இரண்டே நாளில் புட்டிஜெஜும் க்ளோபுச்சரும் விலகி பைடன் பின்னால் போய் நின்றார்கள். 2024இல் பேருக்கு ஒரு பிரைமரி. எல்லாம் முடிந்தபிறகு ஜூலையில் பைடன் விலக, வேட்பாளரே மாறிவிட்டார். மேலிடம் முடிவு செய்கிறது, நாங்கள் கை தட்டுகிறோம். கட்சிப் பதிவை நீக்கிவிட்டு எந்தக் கட்சியும் சாராத வாக்காளராக இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

*

அன்புள்ள தம்பி,

போன வாரம் பேஸ்மென்டில் பழைய பெட்டிகளை ஒழித்துக்கொண்டிருந்தேன். 2011 ஜூன் பிரைமரிக்கான மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று கையில் கிடைத்தது. தேர்தலுக்கு முன்னால் தபாலில் வீட்டுக்கு வருமே, அது. அதை வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பென்சில்வேனியாவில் கதவு தட்டினீர்களே, அது வீண் இல்லை. இருபத்து நான்கு வயதில் முன்பின் தெரியாத ஊரில், முகத்தில் அறைந்து சாத்தப்படும் கதவுகளுக்கு முன்னால் நிற்பது சாதாரண விஷயமா? நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறார்கள்? அந்த இரவு செய்தியைப் பார்த்து நீங்கள் எப்படி உடைந்து போயிருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது.

ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் குற்றச்சாட்டுகளில் பாதியை நான் கையில் எடுக்கப் போவதில்லை. 2016இல் அந்த அறிவிப்பு அநியாயம், சரி. மறுநாள் நம் மாநிலத்தில் கிளிண்டன் 63 விழுக்காடு வாங்கினார் என்பதும் உண்மை. சூப்பர் டெலிகேட்டுகளின் பல்லை 2018இல் பிடுங்கிவிட்டார்கள்; மாநாட்டில் முடிவு இழுபறியாக இருந்தால் முதல் சுற்றில் அவர்களால் வாக்களிக்க முடியாது. உங்களைப் போன்றவர்கள் போட்ட சத்தத்தால் நடந்தது அது, அதைக் கடிதத்தில் ஏன் எழுதவில்லை? 2020இல் இரண்டு பேர் விலகினார்கள் என்றால், தோற்கப் போகிறவர்கள் விலகாமல் என்ன செய்வார்கள்? அதைச் சதி என்று சொல்லாதீர்கள். 2024இல் மட்டும் உங்கள் கோபம் முழுக்க நியாயம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

எனக்கு உங்கள் மேல் வருத்தம் வந்த இடம் வேறு. பத்து வருட அரசியல் கோபத்தை ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெயர்களைப் பாருங்கள்: சாண்டர்ஸ், கிளிண்டன், பைடன், புட்டிஜெஜ். உங்கள் கவுண்டி, அதாவது மாவட்டக் கட்சித் தலைவர் பெயர் அதில் எங்கே? நாலு வருடத்துக்கு ஒரு தடவை கண் விழித்து, வாஷிங்டனைப் பார்த்து, மேலிடம் மேலிடம் என்று சொல்கிறீர்கள். நியூ ஜெர்சியில் மேலிடம் உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ டிரைவில் இருக்கிறது தம்பி. அதன் பெயர் கவுண்டி கட்சி. அதன் ஆயுதமாக இருந்தது 'லைன்'.

இங்கேயே வளர்ந்த உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நம் ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற மாநிலங்களில் வாக்குச்சீட்டில் ஒரு பதவிக்கு ஒரு கட்டம் இருக்கும், அந்தப் பதவிக்குப் போட்டியிடுபவர்கள் எல்லாரும் அந்தக் கட்டத்துக்குள் இருப்பார்கள். நியூ ஜெர்சியின் 21 கவுண்டிகளில் 19இல் 2024 வரை அப்படி இருக்கவில்லை. கட்சி ஆதரித்த ஆட்கள், மேலே ஜனாதிபதியோ செனட்டரோ தொடங்கிக் கீழே ஊர் கவுன்சில் வரை, ஒரே நெடுவரிசையில் அணிவகுத்து நிற்பார்கள். அதுதான் லைன். எதிர்த்து நிற்பவர் பெயர் மூன்று வரிசை, நான்கு வரிசை தள்ளி, நடுவில் வெற்றுக் கட்டங்கள் கிடக்க, ஓரத்தில் தனியாக இருக்கும். பல கவுண்டிகளில் லைன் யாருக்கு என்று முடிவு செய்தது கட்சித் தலைவர் ஒருவர்தான். ஓட்டுப் போடுகிறவர் கண் மேலே தெரிந்த பெயரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இறங்கும். யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை, பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. காகிதத்தை வரைந்த விதத்திலேயே பாதித் தேர்தல் முடிந்துவிடும்.

இது எவ்வளவு காலமாக நடந்தது என்று நினைக்கிறீர்கள்? நீங்களும் நானும் இந்த மண்ணில் கால் வைப்பதற்கு முன்னாலிருந்து. அதை உடைத்த கதையை நீங்கள் ஒரு வரிகூட எழுதாததுதான் என் கோபம்.

2023 செப்டம்பரில் செனட்டர் மெனெண்டஸ் மேல் லஞ்ச வழக்கு வந்தது. மறுநாளே, அப்போது பிரதிநிதிகள் சபையில் இருந்த ஆண்டி கிம் அந்த இடத்துக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. பிறகு அப்போதைய கவர்னரின் மனைவி டாமி மர்ஃபி களத்தில் இறங்கினார். அதற்குமுன் எந்தத் தேர்தலிலும் ஜெயித்து ஒரு பதவியில் இருந்தவர் அல்லர் அவர். இருந்தும் பெரிய கவுண்டிகளின் தலைவர்கள் வரிசையாக அவர் பக்கம் போனார்கள். நானும் உங்களைப் போலத்தான், கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் 2024 பிப்ரவரியில், யாரை ஆதரிப்பது என்று முடிவு செய்ய மான்மத் கவுண்டி மாநாடு. அங்கே கட்சி உறுப்பினர்கள் ரகசிய வாக்களித்தார்கள். கிம் ஜெயித்தார். தலைவர் கை காட்டும் இடத்தில் ஒரு முடிவு, உறுப்பினர் கையில் சீட்டைக் கொடுத்த இடத்தில் வேறு முடிவு. அந்த மாநாட்டில் வாக்களித்தவர்கள் யார்? உங்களையும் என்னையும் போல வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், தங்கள் வாக்குச்சாவடிப் பகுதியிலிருந்து கவுண்டி கமிட்டிக்கு வந்தவர்கள்.

அந்த மாதமே கிம்மும் வேறு இரண்டு வேட்பாளர்களும் லைனை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். இந்தச் சட்டத்துக்காக வாதாட மாட்டேன் என்று மாநில அட்டர்னி ஜெனரலே கைவிரித்தார். மார்ச் 24 அன்று டாமி மர்ஃபி விலகினார். மார்ச் 29 அன்று நீதிபதி ஜாகித் குரேஷி, அந்த ஜூன் டெமாக்ரடிக் பிரைமரியில் லைன் கூடாது என்று உத்தரவிட்டார். மேல்முறையீட்டிலும் அது நின்றது. 2025 மார்ச்சில் மாநிலச் சட்டமே மாறியது. அந்த ஜூனில் கவர்னர் பிரைமரிக்கு இரண்டு கட்சிகளின் வாக்குச்சீட்டுகளுமே பதவிக்கு ஒரு கட்டம் என்று அச்சாகி வந்தன. உங்கள் கையிலும் அந்தச் சீட்டு வந்திருக்குமே. பார்த்தீர்களா? போனீர்களா அந்தத் தேர்தலுக்கு? கடிதத்தில் 2025 என்ற எண்ணே இல்லை.

கவுண்டி கமிட்டி என்றேனே, அதை இன்னும் கொஞ்சம் சொல்ல விடுங்கள். நம் மாநிலத்தில் ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதிக்கும் பொதுவாக இரண்டு கமிட்டி இடங்கள் உண்டு. ஒரு பகுதி என்றால் உங்கள் வீட்டைச் சுற்றிச் சில தெருக்கள், அவ்வளவுதான். ஜூன் பிரைமரியிலேயே அதற்கும் தேர்தல். கையெழுத்துகள் கொஞ்சம் வாங்கினால் போதும், ஒரு சாயங்காலம் நடந்தால் முடிந்துவிடும். கவுண்டி தலைவரைத் தேர்ந்தெடுப்பது இந்தக் கமிட்டிதான். இத்தனை வருடமாக நீங்கள் திட்டிக்கொண்டிருக்கும் மேலிடத்தின் அஸ்திவாரம் இதுதான். இந்த இடங்களில் எத்தனையோ காலியாகக் கிடக்கின்றன. நிற்க ஆளில்லை. காலியாகக் கிடந்தால் யாருக்கு லாபம்? ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவருக்கு. பென்சில்வேனியா வரை போன கால் தம்பி உங்களுடையது, பக்கத்துத் தெருவுக்கு ஏன் போகவில்லை?

அட்லாண்டிக் சிட்டிக்கு நீங்கள் போயிருப்பீர்கள், கடற்கரைப் பலகைப் பாதையில் நடந்திருப்பீர்கள். அங்கே இருக்கும் அந்தப் பெரிய மாநாட்டு மண்டபத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஃபேனி லூ ஹேமர் நினைவு வரும். மிசிசிப்பிப் பருத்தித் தோட்டத்துக் கறுப்பின வேலைக்காரி. வாக்காளராகப் பதியப் போனதற்காக 1962இல் அன்றிரவே தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டவர். மறு வருடம் வினோனா சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். 1964 ஆகஸ்டில் டெமாக்ரடிக் மாநாடு அட்லாண்டிக் சிட்டியில் நடந்தபோது, வெள்ளையர் மட்டுமே இருந்த மிசிசிப்பி அணிக்குப் பதிலாக எங்களை அமரவிடுங்கள் என்று கேட்டுத் தன் கூட்டத்தாரோடு அங்கே வந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜான்சன் கேமராக்களைத் தன் பக்கம் இழுக்க அவசரமாகச் செய்தியாளர் கூட்டம் கூட்டினார். அன்றிரவு தொலைக்காட்சிகள் ஹேமரின் பேச்சை மறுபடி போட்டு நாட்டுக்கே காட்டிவிட்டன. கடைசியில் கட்சி தர முன்வந்தது இரண்டே இடம். இரண்டு இடத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவர் மறுத்துவிட்டார்.

மேலிடத்தின் துரோகம் என்றால் அது. ஆனால் ஹேமரும் அவர் கூட்டத்தாரும் அந்த மாநாட்டுக்கு எப்படி வந்தார்கள் தெரியுமா? முதலில் தங்கள் பகுதிகளில் நடந்த கட்சிக் கூட்டங்களுக்குப் போனார்கள். பல இடங்களில் உள்ளே விடவில்லை. உடனே தாங்களே பகுதிக் கூட்டம் போட்டார்கள், அங்கிருந்து கவுண்டிக் கூட்டம், பிறகு ஜாக்சனில் மாநில மாநாடு. கட்சி விதிப்படி ஒவ்வொரு படியாக ஏறி வந்ததால்தான் கட்சியால் அவர்களை ஒரே வார்த்தையில் விரட்ட முடியவில்லை. ஓட்டுப் போடப் போனால் உயிர் போகும் என்ற ஊரில் அவர்கள் பகுதிக் கூட்டம் நடத்தினார்கள். நமக்கு இங்கே கார் இருக்கிறது, சனிக்கிழமை இருக்கிறது.

பதிவை நீக்குவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். நீக்கினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. கட்சி சாராதவர் பிரைமரி அன்று வாக்குச்சாவடியில் கட்சியைச் சொல்லி ஓட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கமிட்டிக்கு நிற்க முடியாது. எனக்கு அது ஒன்றுதான் கவலை.

அந்த மாதிரி வாக்குச்சீட்டுக்கு வருகிறேன். 2011இல் நாங்கள் ஓர் அடுக்ககத்தில் இருந்தோம். கீழ்த்தளத்தில் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர். மழை பெய்தால் எங்கள் தெருவில் சாக்கடை பொங்கி அவர் வீட்டுக்குள் வரும். ஊர்க் கூட்டம் ஒன்று விடாமல் போய் அதைப் பற்றிப் பேசுவார். கவுன்சிலுக்கு நிற்கிறேன் என்று கட்சிக்காரர்களிடம் கேட்டாராம். உங்கள் முறை வரும், காத்திருங்கள் என்றார்களாம். அவருக்கு அப்போது எழுபது நெருங்கியிருந்தது. தானே கையெழுத்து வாங்கி நின்றார். என் வீட்டுக் கதவையும் தட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன், காபி கொடுத்தேன், கட்டாயம் உங்களுக்குத்தான் என் ஓட்டு என்று சொன்னேன்.

திரையை விலக்கி உள்ளே போனால் போஸ்டர் அகலத்துக்குப் பலகை. ஏ வரிசையில் மேலே தெரிந்த ஒரு பெயரை அழுத்தினேன், பச்சை விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே அடுத்தது, அடுத்தது. கவுன்சில் வந்ததும் அவர் பெயரைத் தேடினேன், காணவில்லை. வலது பக்கம் பார்த்தேன், வெற்றுக் கட்டங்கள். பின்னால் வரிசை நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்காமல் ஏ வரிசையிலிருந்த இரண்டு பெயர்களை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். வாசலிலிருந்து நூறடி தள்ளித்தான் வேட்பாளர்கள் நிற்கலாம். அவர் அங்கே குடையோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. "என் பெயர் கண்ணுக்குத் தெரிந்ததா?" என்று கேட்டார். தெரிந்தது என்று சொன்னேன்.

அவர் தோற்றார். நான்கு வருடம் கழித்து இறந்துபோனார். நான் சொன்ன பொய்யை அவரிடம் திருத்தவே இல்லை.

போன வாரம் பெட்டியில் கிடைத்த அந்த மாதிரிச் சீட்டின் ஒட்டிய மடிப்புகூடப் பிரிக்கப்படவில்லை. தேர்தலுக்கு முன்பே வீட்டு வாசலுக்கு வந்த காகிதம். படியில் உட்கார்ந்து இப்போதுதான் பிரித்தேன். ஜி வரிசையில் இருக்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை.

அன்புடன்,
அக்கா