ஆறாவது வாரத்தில் குதிரையை அவிழ்த்து விடலாமா?

வணக்கம். பின்னங்கால் லிகமென்ட்டில் (எலும்புகளைப் பிணைக்கும் நார்க்கட்டு) அறுவை சிகிச்சை முடிந்த ஆறாவது வாரமே குதிரை நொண்டாமல் நடப்பதால், பெங்களூரு எலஹங்காவில் லாயத்தை ஒட்டிய திடலில் அவிழ்த்து விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. வலி முதலில் அடங்கிவிடும், நார்கள் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும் என்பதால், நொண்டாத கால் ஆறிய கால் ஆகிவிடாது. அல்ட்ராசவுண்டில் நார்கள் சீராகக் கூடியிருப்பதைப் பார்த்து மருத்துவர் அனுமதிக்கும் வரை, அவர் குறித்த நிமிடங்கள் மட்டும், சமமான கெட்டித் தரையில் கயிற்றைப் பிடித்து நடத்துங்கள். மழையில் ஊறிய நம் ஊர்ச் செம்மண் சேற்றில் ஒருமுறை வழுக்கினால் போதும், எல்லாம் முதலிலிருந்துதான். நடத்தியபின் இரு பின்னங்கால்களிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். அறுவை செய்த காலில் சூடோ வீக்கமோ கூடியிருந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். கொட்டிலிலேயே நிற்கும் குதிரைக்குக் கொள்ளின் அளவைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். என் குதிரை கொள்ளுத் திமிரில்தான் கதவை உதைத்துத் தையலைப் பிரித்துக்கொண்டது.