கணக்கெடுப்பு மென்பொருளை எப்படிச் சேவைகளாகப் பிரிப்பது? கேள்வி பதில்

கேள்வி: குடும்பக் கணக்கெடுப்புக்குப் புதிய மென்பொருள் கட்டுகிறோம். தனித்தனியாக ஓடி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் எத்தனை சேவைகளாகப் பிரிக்கலாம்?

பதில்: எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள். எந்த வேலை யார் பொறுப்பில் இருக்கிறது, எது எப்போது மாறும் என்று முதலில் பாருங்கள். கேள்வித்தாள் களத்துக்குப் போகும் முன்பே முடிந்துவிடும். கணக்கெடுப்பாளர்களுக்கு வீடுகளை ஒதுக்குவது தினமும் மாறும். பதில்கள் வந்து சேரும் இடத்தில் மாலை நேரத்தில்தான் நெரிசல். தொழில்களுக்குக் குறியீடு போடுவது அடுத்த கணக்கெடுப்புக்கும் அப்படியே உதவும். இந்த நான்குக்கும் நடுவே கோடு போட்டால் பெரும்பாலும் தப்பாகாது. பெயர் வைக்கத் திண்டாட வேண்டாம். புள்ளியியல் அலுவலகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஜிஎஸ்பிபிஎம் மாதிரியில் எட்டுக் கட்டங்கள் உண்டு, நான்காவது சேகரிப்பு. அதன் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு உட்பிரிவையும் தனிச் சேவையாக்கிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எந்தப் பதிலையும் கேள்வித்தாளின் பதிப்பு எண் இல்லாமல் சேமிக்காதீர்கள்.

கேள்வி: சேவைகள் ஒன்றோடொன்று பேச எந்த முறை: பழைய, கனமான சோப்பா, எளிய ரெஸ்ட்டா?

பதில்: புதிதாகக் கட்டினால் ரெஸ்ட். எதிர்முனையில் பழைய சோப் சேவை இருந்தால் நடுவில் ஒரு மாற்றி வையுங்கள், போதும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. டேப்லெட் ஒரு படிவத்தை அனுப்புகிறது. சர்வர் வாங்கிச் சேமித்துவிடுகிறது. 'வந்து சேர்ந்தது' என்ற பதில் திரும்பும்போது நெட்வொர்க் அறுந்துபோகிறது. டேப்லெட் மறுபடி அனுப்புகிறது. இப்போது ஒரே குடும்பம் இரண்டு முறை பதிவாகிவிட்டது. அதனால் நேர்காணல் தொடங்கும்போதே டேப்லெட்டில் ஒரு யூயூஐடி, அதாவது வேறெதற்கும் வராத அடையாள எண், உருவாக வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர்தான். ஒவ்வொரு வேலையையும் தனியாக ஓடும் சிறு சேவையாக்கும் மைக்ரோசர்வீஸ் முறை சரிவருமா?

பதில்: வராது. ஒரே அப்ளிகேஷனாக வைத்து, உள்ளே தொகுதிகளைச் சுத்தமாகப் பிரியுங்கள்.

கேள்வி: சரிபார்ப்பு விதிகள் எல்லாம் சர்வரில் ஒரே சேவையாக இருப்பதுதானே நல்லது?

பதில்: இல்லை. கணக்கெடுப்பாளர் வாசலில் நிற்கும்போது நெட்வொர்க் இருக்கும் என்று யார் சொன்னது? தவறு அங்கேயே தெரிந்தால்தான் அந்த வீட்டாரிடமே கேட்டுத் திருத்த முடியும்.

கேள்வி (அதே நபர்): அப்போது விதிகள் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்றை மாற்றி இன்னொன்றை மறந்தால்?

பதில்: நியாயமான பயம். விதியை நிரலுக்குள் எழுதினால் அப்படித்தான் ஆகும். விதியையும் தரவாக எழுதி, கேள்வித்தாளோடு சேர்த்தே டேப்லெட்டுக்கு அனுப்புங்கள். சர்வரும் அதே கோப்பைத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி (களமேற்பார்வையாளர்): இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். விதி கடுமையாக இருந்தால் எங்கள் ஆட்கள் விடையையே மாற்றிப் போடுகிறார்கள். அம்மாவுக்கு 19 வயது, பிள்ளைக்கு 8. டேப்லெட் மேலே போக விடவில்லை. அம்மாவின் வயதை 25 ஆக்கிவிட்டார்கள். விசாரித்தால், அவர் சிற்றன்னை.

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, நானே இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். நடக்கவே முடியாததை மட்டும் தடுங்கள், பிறந்த தேதி நாளைய தேதியாக இருப்பது போல. அபூர்வமாக நடக்கக்கூடியதற்கு எச்சரிக்கை போதும், காரணம் எழுத ஓர் இடமும் கொடுங்கள். அந்தக் காரணம் பதிலோடு சேர்ந்தே சர்வருக்கு வர வேண்டும். அதை வாங்கிக்கொள்ள ஏபிஐயில், அதாவது டேப்லெட்டும் சர்வரும் பேசிக்கொள்ளும் இடைமுகத்தில், இடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: மாதிரி அளவு எவ்வளவு எடுக்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை. புள்ளியியலாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு எத்தனை சேவைகள் தேவைப்படும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சேகரிப்புக்கு எஸ்டிஎம்எக்ஸ் என்ற தரவுத் தரநிலை போதுமா?

பதில்: அது முக்கியமாகத் தொகுத்த புள்ளிவிவரங்களை நிறுவனங்களுக்கிடையே பரிமாறிக்கொள்ள உருவானது. கேள்வித்தாளையும் தனிநபர் பதிவுகளையும் விவரிக்க டிடிஐ என்ற தரநிலை பொருத்தம்.

கேள்வி: எல்லோரும் ஒரே இரவில் இணையத்தில் நிரப்பினால் தாங்குமா?

பதில்: 2016 ஆகஸ்ட் 9 அன்று ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளத்தை இரவிலேயே மூட வேண்டி வந்தது, திரும்பத் திறக்க ஏறத்தாழ 40 மணி நேரம் ஆனது. போலிக் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தை முடக்கும் சேவை மறுப்புத் தாக்குதலோடு ரௌட்டர் கோளாறும் சேர்ந்துகொண்டது. எனவே சர்வரின் பலத்தை மட்டும் நம்ப வேண்டாம். பதிலை வாங்கி வரிசையில் போடும் சேவை தனியாக இருக்கட்டும். சரிபார்ப்பும் குறியீடும் பின்னால் மெதுவாக நடக்கலாம். நிரப்பும் நாளையும் பல நாட்களாகப் பரப்புங்கள்.

கேள்வி: களப்பணி பாதியில் ஒரு கேள்வியின் விடைப் பட்டியலை மாற்றிவிட்டோம். இப்போது 2 என்றால் சிலவற்றில் வாடகை வீடு, சிலவற்றில் அலுவலகக் குடியிருப்பு. பதிப்பு எண் சேமிக்கவில்லை.

பதில்: இதற்காகத்தான் மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னேன். டேப்லெட்டுகளை இன்னும் அழிக்கவில்லை என்றால் அப்படியே வைத்திருங்கள். எந்த டேப்லெட் எந்த நேரத்தில் புதிய கேள்வித்தாளை இறக்கியது என்று சர்வர் பதிவேட்டில் இருக்கும். நேர்காணல் தொடங்கிய நேரத்தோடு அதை ஒப்பிட்டுப் பிரியுங்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் வீடுகளுக்கு மட்டும் மறுபடி ஆள் அனுப்புங்கள்.