அப்புக்காத்து ஆகட்டும், ஆனா வீட்டை ஈடு வைக்காதேங்கோ

போன சனிக்கிழமை சாவகச்சேரிப் பக்கமிருந்து ஒரு அம்மாவும் மகனும் என்னட்டப் படிப்பைப் பற்றி ஆலோசனை கேக்க வந்தவை. பெடியனுக்கு ஏ.எல். ஆர்ட்ஸ்ல நல்ல ரிசல்ட், ஆனா பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பாக்கிற இஸட் ஸ்கோர் புள்ளி சட்டபீடத்துக்குக் காணாது. லண்டன் மாமா சொல்லீட்டாராம், கொழும்பில பிரைவேட்டா பிரிட்டிஷ் எல்.எல்.பி. படிக்கட்டும், அரசியல்வாதி அமிர்தலிங்கமும் பண்ணாகத்துப் பெடியன்தானே, அப்புக்காத்து, அதுதான் வக்கீலாகி பார்லிமெண்ட் போகேல்லையோ எண்டு. அதுக்கு வீட்டை ஈடு வைக்கப் போகினமாம். முதல்ல "யோசிக்காதேங்கோ அம்மா" எண்டுதான் தொடங்கினன், ஈடு எண்டு கேட்ட உடன எனக்குக் கோவம் வந்திட்டுது.

மாமா பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார். அமிர்தலிங்கம் 1952ல வட்டுக்கோட்டையில தோத்து, 1956ல வென்று, 1970ல திரும்பவும் தோத்தவர், 1977லதான் எதிர்க்கட்சித் தலைவர். தமிழரசுக் கட்சியைத் தொடங்கின செல்வநாயகமே 1952ல காங்கேசன்துறையில தோத்தவர். சனம் வீட்டுக்கு அனுப்பினா அப்புக்காத்துக்கு நீதிமன்றம் இருக்கு, நீதிமன்றத்தில பேரெடுக்காதவனுக்கு என்ன இருக்கு? இப்ப யாழ். மாவட்டத்துக்கே 6 ஆசனம்தான். வெளிநாட்டு எல்.எல்.பி. வச்சிருந்தாலும் இஞ்ச லோ கொலிஜ் பரீட்சை, அப்ரென்டிஸ், உயர் நீதிமன்றத்தில சத்தியப்பிரமாணம் எல்லாம் முடிக்காம வழக்குப் பேசேலாது. லோ கொலிஜ் நுழைவுப் பரீட்சைக்கு இஸட் ஸ்கோர் கேக்கிறேல்ல, அதை எழுதட்டும்.

அதோட ஆரும் சொல்லாத ஒண்டு, நொத்தாரிசு வேலை, அதாவது உறுதி எண்ட காணிப் பத்திரம் எழுதுறது. கோர்ட் கோட்டுப் போட்டுக் கத்துறதில்லையெண்டு எங்கட ஆக்களுக்கு அது இளக்காரம். ஆனா எங்கட காணி தேசவழமை எண்ட யாழ்ப்பாணத் தமிழற்ற வழமைச் சட்டத்துக்குள்ள வாற காணி, அது 1706ல ஒல்லாந்தர் எழுதி வைக்க, 1806ல வெள்ளைக்காரன் சட்டமாக்கினது. சீதனம், பரம்பரையா வந்த முதுசொம், கலியாணத்துக்குப் பிறகு தேடின தேடியதேட்டம் எல்லாத்துக்கும் தனித்தனிக் கணக்கு. பங்காளி தன்ர பங்கை வெளியாளுக்கு விக்க முதல் மற்றப் பங்காளிக்கு அறிவிக்க வேணும், இல்லாட்டி பிறகு வழக்கு. ஒரு பங்கு கனடாவில, ஒண்டு பாரிஸில, அவைக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் குடுக்கிற அற்றோர்ணித் தத்துவம் ஒரு பக்கம், தொலைஞ்ச உறுதி ஒரு பக்கம். இதை ஒழுங்காப் பாக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடிச் சனம் அலையுது. ஆனா பொறுமை வேணும், ரெண்டு சாட்சி, மூண்டு பிரதி, அடுத்த மாசம் 15ந் திகதிக்குள்ள காணிக் கந்தோருக்கு இணைப்பிரதி போகோணும், ஒரு எல்லை பிழைச்சா ரெண்டு தலைமுறைக்குச் சண்டை.

"இவனுக்கு உது சரிவருமோ?" எண்டு தாய் கேட்டா. ஈடு வைக்கவெண்டு கொண்டுவந்த வீட்டு உறுதி ஃபைலுக்க இருந்தது, நாங்கள் கதைக்கக் கதைக்க பெடியன் அதை எடுத்து வாசிச்சுக்கொண்டிருந்தவன். நிமிந்து பாத்துக் கேட்டான், "அம்மா, கிணத்தில எங்களுக்குக் காற்பங்கும் வழிவாய்க்காலும் எண்டுதானே கிடக்கு, பிறகேன் சித்தப்பாவோட அரைப்பங்கெண்டு சண்டை பிடிக்கிறியள்?"

தாய் ஃபைலைப் பறிச்சு மூடீட்டா. நான் பரீட்சை விண்ணப்ப விபரத்தை எழுதி பெடியன்ர கையிலதான் குடுத்தன்.