பச்சை நீர் கண்ட பிறகு விடியும்வரை காத்திருக்கலாமா?

செல்லப் பிராணிகள்: வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் ஜாக் ரஸல் பெட்டைக்கு இது இரண்டாவது ஈற்று. இணைசேர்ந்து 64 நாள்கள் ஆகியிருந்தன. முன்னிரவிலிருந்தே எதுவும் உண்ணாமல் நடுங்கிக்கொண்டும், பழைய போர்வையைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டும் இருந்தது. அதிகாலை 3 மணிக்குக் கரும்பச்சையாக நீர் வந்தது, குட்டி வரவில்லை. “நாய்க்கு யார் பிரசவம் பார்த்தார்கள், அது தானே ஈனும்” என்று என் மாமியார் சொன்னதால் விடியட்டும் என்று இருந்துவிட்டோம். 8 மணிக்கு அறுவைச் சிகிச்சை செய்து எடுத்த நான்கு குட்டிகளில் இரண்டு இறந்திருந்தன. 3 மணிக்கே போயிருந்தால் பிழைத்திருக்குமா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: பிழைத்திருக்கக்கூடும் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறுதலுக்காக வேறுவிதமாக எழுதினால் அடுத்த ஈற்றில் அது உங்களுக்குப் பயன்படாது. உங்கள் மாமியாரையும் குறை சொல்ல முடியாது. நீண்ட மூக்கும் ஒடுங்கிய தலையும் கொண்ட ஆஃப்ரிகானிஸ் போன்ற தென்னாப்பிரிக்க நாட்டு நாய்கள் பெரும்பாலும் யார் உதவியும் இல்லாமல் ஈன்றுவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பச்சை நீர் எல்லா நாய்களுக்கும் ஒரே பொருளைத்தான் தருகிறது. நாயின் நஞ்சுக்கொடி கருப்பையோடு ஒட்டியிருக்கும் ஓரத்தில் தாயின் இரத்தம் தேங்கிச் சிதைந்து பச்சை நிறமியாக மாறியிருக்கும். அது வெளியே வருகிறதென்றால் நஞ்சுக்கொடி கழலத் தொடங்கிவிட்டது, உள்ளே ஏதோ ஒரு குட்டிக்குப் பிராணவாயு குறைகிறது என்று பொருள். முதல் குட்டி பிறந்த பிறகு பச்சை நீர் வருவது இயல்பே. முதல் குட்டிக்கு முன்பே வந்து, குட்டி உடனே பின்தொடராவிட்டால் அது அவசரம்.

மற்றபடி நீங்கள் விவரித்த நடுக்கமும் உண்ணாமையும் படுக்கை அமைப்பதும் பிரசவத்தின் முதல் கட்டம். அது 6 முதல் 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம்கூட நீடிக்கலாம், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. அதற்கு முன்பே துப்பு கொடுப்பது உடல் வெப்பம். 58ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் குறித்து வாருங்கள். வழக்கமாக 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருப்பது 37.2-க்குக் கீழே இறங்கினால் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் பிரசவம் தொடங்கும். இறங்கி 24 மணி நேரமாகியும் முக்கல் தொடங்கவில்லையென்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். முக்கல் தொடங்கிய பின் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் நேரத்தை எழுதுங்கள். பலமாக, இடைவிடாமல் முக்கி 30 நிமிடத்தில் குட்டி வரவில்லையென்றாலோ, உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் முந்தைய குட்டிக்குப் பின் 2 மணி நேரம் கடந்தாலோ புறப்பட்டுவிடுங்கள். “ரொம்ப நேரமாக முக்குகிறது” என்று தொலைபேசியில் சொல்பவரைவிட, “2.40-க்கு முதல் முக்கல், 3.00-க்குப் பச்சை நீர்” என்று வாசித்துக் காட்டுபவருக்கு மருத்துவரிடமிருந்து விரைவாகவும் சரியாகவும் பதில் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் பூனை சனிக்கிழமை மாலை இரண்டு குட்டி போட்டுவிட்டு, பாலூட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டது. ஞாயிறு காலை மேலும் இரண்டு! இது நோயா?
– வாசகர், வெருலம்

பதில்: இல்லை. பூனை இடையில் ஓய்வெடுத்துக்கொண்டு 12 மணி நேரமோ ஒரு நாளோ கழித்து மீதியை ஈனுவதுண்டு. அந்த இடைவெளியில் அது உண்டு, பாலூட்டி, அமைதியாக இருந்தால் தொந்தரவு செய்யாதீர்கள். நாய்க்குச் சொன்ன 2 மணி நேரக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவர வேண்டாம். ஆனால் ஓய்வு வேறு, களைப்பு வேறு: முக்கிக்கொண்டே இருக்கும் பூனைக்கும், குட்டிகளைக் கவனிக்காமல் சுருண்டு கிடக்கும் பூனைக்கும், துர்நாற்றமுள்ள நீர் வடியும் பூனைக்கும் உடனே மருத்துவம் வேண்டும். தட்டை முகம் கொண்ட பெர்ஷியன் பூனையென்றால் இன்னும் கொஞ்சம் சீக்கிரமே பயப்படலாம்.

கேள்வி: என்னிடம் போயர்போல் பெட்டை இருக்கிறது. குட்டி விற்கும் நண்பர் ஒருவர், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்துப் புட்டி வைத்திருக்கிறார். தாமதமானால் ஒரு ஊசி போட்டால் ‘சரசரவென்று’ வந்துவிடும் என்கிறார். போடலாமா?
– வாசகர், பீனிக்ஸ்

பதில்: கூடாது. இந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிடலாம், ஆனால் நண்பர் அடுத்த முறையும் கேட்பார் என்பதால் காரணத்தையும் சொல்கிறேன். தாமதத்துக்கு இரண்டு வேர்கள் உண்டு. கருப்பை சுருங்க மறுப்பது ஒன்று. நாய்களில் இதுவே அதிகம். போயர்போல் போன்ற பெரிய நாய் பத்துக் குட்டிகளைச் சுமந்தால் கருப்பை விரிந்து தளர்ந்துபோகும், ஒரே குட்டியென்றால் பிரசவத்தைத் தொடங்கப் போதிய தூண்டுதலே இருக்காது. மற்றொன்று அடைப்பு: தலை பெரிது, அல்லது குட்டி குறுக்கே கிடக்கிறது. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அடைத்த பாதைக்குப் பின்னால் இருந்து ஆக்ஸிடோசின் கொண்டு தள்ளினால் கருப்பை கிழியலாம். அடைப்பே இல்லாவிட்டாலும், அளவு மிகுந்த ஊசி கருப்பையைத் தளராமல் இறுக்கிப் பிடித்து, நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தத்தைத் தடுத்துவிடும். குட்டி வெளியே வரும், உயிரோடு வராது.

மருத்துவர் முதலில் விரலால் பாதையைச் சோதிப்பார், எக்ஸ்ரேயில் குட்டிகளை எண்ணுவார், ஸ்கேனில் அவற்றின் இதயத்துடிப்பைப் பார்ப்பார். நிமிடத்துக்கு 200-க்கு மேல் துடிக்கும் குட்டிக்கு அவகாசம் உண்டு. 180-க்குக் கீழே இறங்கினால் அது திணறுகிறது. 150-க்கும் கீழென்றால் சிசேரியன்தான். அடைப்பில்லை என்று உறுதியான பிறகே மருந்து, அதுவும் பல சமயம் கால்சியம் முதலில், பிறகு மிகச் சிறிய அளவில் ஆக்ஸிடோசின். நண்பரின் புட்டியில் இந்தச் சோதனைகள் எதுவும் அடைத்து வைக்கப்படவில்லை. 55ஆம் நாளுக்குப் பின் ஒரு எக்ஸ்ரே எடுத்து எத்தனை குட்டிகள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது உங்கள் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு.

கேள்வி: பின்கால்கள் முதலில் வெளியே தெரிந்தன, குட்டி பாதியில் நின்றுவிட்டது. இழுக்கலாமா?
– வாசகி, டோங்காட்

பதில்: பின்கால் முதலில் வருவது கோளாறு அல்ல, நாய்க்குட்டிகளில் பத்துக்கு நான்கு அப்படித்தான் பிறக்கின்றன. பாதியில் நின்று, மருத்துவரிடம் போக நேரமில்லை என்றால் மட்டும் கை வையுங்கள். கையுறையும் வழவழப்புக்கான ஜெல்லும் வேண்டும். ஈரத்துணியால் குட்டியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, தாய் முக்கும்போது மட்டும், தாயின் பின்னங்கால்களை நோக்கிக் கீழ்ப்புறமாக மெல்ல இழுக்க வேண்டும். ஒற்றைக் காலையோ வாலையோ பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். இரண்டு மூன்று முக்கலில் நகரவில்லையென்றால் விட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

வெளியே வந்ததும் சவ்வைக் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தி, கரடுமுரடான துண்டால் முதுகையும் விலாவையும் தேய்த்துக்கொண்டே இருங்கள். குட்டியைத் தலைகீழாக வீசிச் சுழற்றும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். அதனால் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தவை உண்டு. வலியில் எந்த நல்ல நாயும் கடிக்கும். க்வாசூலு-நட்டாலில் வெறிநோய் இன்னும் இருப்பதால், கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

கேள்வி: தீபாவளி வாரத்தில் எங்கள் சிவாவா ஈனும் என்று கணக்கு. வலுவுக்காக இப்போதிருந்தே கால்சியம் மாத்திரை கொடுக்கிறோம். வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: முதலில் மாத்திரையை நிறுத்துங்கள். சினைக்காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் கொடுத்தால், தன் எலும்பிலிருந்து அதை எடுக்கும் வழக்கத்தை உடல் தளர்த்திவிடும். பால் பெருகும் நாள்களில், பெரும்பாலும் ஈன்ற முதல் நான்கு வாரங்களில், சிறிய நாய்களுக்கு இரத்தத்தில் கால்சியம் திடீரென வீழ்ந்து நடுக்கமும் இழுப்பும் வரும். குட்டிகளுக்கான நல்ல உணவே தாய்க்கும் போதும்.

பட்டாசு வேறு விஷயம். மிரண்ட நாய் முக்கலை நிறுத்திவிடும். வீட்டின் நடு அறையில், சன்னலில்லாத மூலையில், இரண்டு வாரம் முன்பே ஈனும் பெட்டியை வைத்துப் பழக்குங்கள். அன்று விருந்தாளிகளையும் குழந்தைகளையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். மின்சாரம் எப்போது வேண்டுமானாலும் தடைபடலாம் என்பதால், சூட்டுக்கு மின்விளக்கை மட்டும் நம்பாமல், துண்டு சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளையும் வைத்திருங்கள்: பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது, முதல் வாரம் சுற்றிலும் 30 டிகிரி வேண்டும், பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் தாய்க்காகக் குளிர்ந்திருக்கட்டும். சிவாவாவுக்குச் சிசேரியன் தேவைப்படுவது அரிதல்ல. ஆகவே தீபாவளி இரவில் உங்கள் மருத்துவமனை திறந்திருக்குமா, இல்லையென்றால் எங்கே போக வேண்டும் என்பதை இந்த வாரமே கேட்டு, அந்த எண்ணைப் பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள்.